அப்பா எழுந்து நின்றார்

காஜா பேராங், மலாக்கா
21.6.1957, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சிவகாமசுந்தரிக்கு உன் அம்மா பூங்காவனம் எழுதுவது. இங்கே உன் அப்பா, அண்ணன் நடராஜன், அண்ணி கமலவேணி, என் பேத்தி கோகிலா, நான் ஆக ஐந்து பேரும் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுகிற சுகத்தில் இருக்கிறோம், நீயும் அந்தச் சீமைக் குளிரில் மூக்கு ஒழுகாமல் முழு உடம்போடு இருக்க நம் கோயில் மாரியம்மாளைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தந்தி. புதன்கிழமை அனுப்பியதைக் கையில் வாங்கியதும் நீ கட்டிலில் உட்கார்ந்தாயோ தரையில் உட்கார்ந்தாயோ என்று இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு. நம் வீடுகளில் தந்திக்காரனின் சைக்கிள் மணி கேட்டாலே பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிடுவார்கள். அதனால் மேலே படிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள், யாரும் சாகவில்லை. தந்தியில் இருந்த 'அப்பா எழுந்து நின்றார், வராதே, படி' என்பது வெறும் உண்மை, அதற்குள் வேறு அர்த்தம் ஒன்றும் கிடையாது. அப்பா எழுந்து நின்றார், அவ்வளவுதான். அதற்குத் தந்தி எதற்கு என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் இதை எழுத எழுதச் சிரிப்பு வந்து மசி இரண்டு இடத்தில் கொட்டிவிட்டது, கண்ணீர்க் கறை என்று நினைத்துவிடாதே.

நீ கடைசியாக எழுதிய கடிதத்தில், அம்மா நாலு பக்கத்துக்குக் குறைந்து எழுதியதே இல்லை, இந்தத் தடவை அரைப் பக்கத்தில் எல்லாரும் நலம் என்று முடித்துவிட்டாள், அப்படியென்றால் யாரோ நலமில்லை, அதனால் ஜூலை முதல் தேதி பெரிய டீச்சரைப் பார்த்து லீவு கேட்டுக் கப்பல் ஏறப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ நினைத்தது சரிதான் சுந்தரி. அந்த அரைப் பக்கக் கடிதம் பொய். அதற்குப் பின்னால் பத்தாம் தேதி போட்ட கடிதமும் பொய். டீச்சர் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வந்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்று நீதான் போன வருடம் எழுதினாய், இன்னும் ஒரே வருடம் இருக்கிறது, ஆகையால் ஜூலை முதல் தேதிக்கு முன்னால் இது உன் கையில் சேர வேண்டும், நீ இதை நம்பவும் வேண்டும். நம்ப வேண்டுமானால் நான் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

மே மாதம் புளூக்காய்ச்சல் மலாக்காவுக்குள் வந்தது உனக்கு ரேடியோவிலேயே தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தை மூடினார்கள், ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் பாதிக் கடைகளில் பலகை எடுக்கவில்லை. நம் வீட்டில் முதலில் படுத்தது உன் அண்ணன், பஸ் பட்டறையிலிருந்து தும்மிக்கொண்டே வந்தான். மறுநாள் கமலவேணி, அதற்கு மறுநாள் உன் அப்பாவும் நானும் ஒன்றாக. கோகிலாவுக்கு மட்டும் ஒரே நாள் சூடு அடித்து விட்டது, ஆறரை வயதில் நாலு பேருக்கு வெந்நீர் எடுத்துக் கொடுத்தாள் என் பேத்தி, இதை நீ உன் தோழிகளிடம் சொல்லலாம். காய்ச்சலோடு காய்ச்சலாக நான் எழுந்து செய்த முதல் காரியம், காற்று சுத்தமாக இருக்கட்டும் என்று கோயில் பக்கத்து மரத்தில் பறித்துவரச் சொல்லி வாசல் நிலையில் பெரிய கொத்தாக வேப்பிலை கட்டியது. வெளியே போய் வருகிறவர்கள் காலைக் கழுவட்டும் என்று ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் வைத்தேன். தாளிக்கிற புகைக்கு எல்லாரும் இருமினார்கள் என்று தாளிப்பையும் நிறுத்தினேன். எல்லாம் சுகாதாரத்துக்குச் செய்தது. இப்போது நீயே சொல், அப்படி ஒரு வீட்டைத் தெருவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும். எனக்குத்தான் தோன்றவில்லை. அன்று மே இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை வேறு.

அதோடு வீட்டுக்கு ஆள் வருவது நின்றது. பக்கத்து வீட்டு மீனாச்சி அக்கா, தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் பேசுகிறவள், என்னைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். தபால்காரர் கணேசமூர்த்தி நம் வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமல் கும்பிட்டுவிட்டுப் போகிறார். ஊரே காய்ச்சலுக்குப் பயந்து கிடக்கிறது, இவர்களும் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மனது கேட்கவில்லை. மீனாச்சி அக்கா பிரசவத்துக்கு எத்தனை நாள் நான் போய்க் கிடந்திருப்பேன், ஒரு தும்மலுக்கா முகத்தைத் திருப்புகிறாள் என்று கோபம். இதற்கு நடுவில் ஒரு அதிசயம், தினமும் விடிவதற்குள் யாரோ கேட்டடியில் இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போனார்கள். யார் என்று தெரியவில்லை. கவர்மெண்டு சுதந்திரம் கொடுப்பதற்கு முன்னால் இளநீரில் ஆரம்பித்திருக்கிறது, வாங்கிக் குடிங்க அம்மா என்றான் உன் அண்ணன். குடித்தோம்.

ஐந்து பேர் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய், இரண்டாம் நாளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால் நான் சில சட்டங்கள் போட்டேன். பேப்பரைக் கோகிலாதான் எழுத்துக்கூட்டி எல்லாருக்கும் படிப்பாள், சாவுக் கணக்கு போட்ட பக்கத்தை மட்டும் நான் முதலிலேயே உருவி அடுப்புக்குக் கொடுத்துவிடுவேன். ரேடியோ ஒரு நாளைக்கு ஒரு தடவை, அது முடிந்ததும் மேலே துண்டு போட்டு மூடிவிட வேண்டும். மூன்றாவது சட்டம்தான் பெரியது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் எல்லாரும் கூடத்தில் உட்கார வேண்டும், ஆளுக்கு ஒரு ஊதுபத்தி, அது எரிந்து முடிகிற வரைக்கும் அவரவர் என்ன வேண்டுமானாலும் புலம்பலாம், யாரும் குறுக்கே பேசவோ ஆறுதல் சொல்லவோ கூடாது, பத்தி அணைந்ததும் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். கோகிலா, ஆடுகிற பல் விழ மாட்டேன் என்கிறது, பள்ளிக்கூடம் இல்லாததால் பல்லைக் காட்ட ஆளும் இல்லை என்று புலம்பினாள். உன் அண்ணி இருக்கிறாளே, சாதுவாக இருந்தவள், ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேராகவே, அத்தை வைக்கிற மிளகு ரசத்தைக் குடிச்சா காய்ச்சல் போறதுக்கு முன்னாடி உசிரு போயிடும், எட்டு வருசமா சொல்லணும்னு இருந்தேன் என்றாள். குறுக்கே பேசக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான், என்ன செய்வது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளிலிருந்து அவளுக்குப் பத்தியைப் பாதியாக ஒடித்துக் கொடுத்தேன். ஆனால் பார், புலம்பி முடித்ததும் அவள்தான் முதலில் சிரித்தாள், அன்று ராத்திரி எல்லாரும் நன்றாகத் தூங்கினோம். என் முறை வந்தபோது நான் மீனாச்சி அக்காவைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு எனக்குத் திட்ட விஷயம் பற்றவில்லை, கோழியைத் திட்டினேன்.

உன் அப்பா மட்டும் பத்தியை வாங்கவில்லை. இதைத்தான் உனக்கு மறைத்தேன். காய்ச்சல் அவருக்கு ஆறாம் நாளே விட்டுவிட்டது, ஆனால் ஆள் எழுந்திருக்கவில்லை. ரோடு போடுகிற ஆட்களுக்கு மேல் மண்டோராக இருந்தவர், அவர் ஒரு சத்தம் போட்டால் தார் அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் வேலையைப் பார்ப்பான், அந்த மனுஷன் சாய்வு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். கஞ்சியை வைத்தால் இரண்டு கரண்டி. முகம் மழித்துக்கொள்ளவில்லை. டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை, மனசுதான் என்றார். காரணம் உன் கடிதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறது வரவில்லை, ஒன்றாம் தேதி வரவில்லை, எட்டாம் தேதி வரவில்லை. எட்டாம் தேதி சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டே, புள்ளைக்கு அங்க என்னமோ ஆயிருச்சு, உங்களுக்கெல்லாம் தெரியும், எங்கிட்ட மறைக்கிறீங்க என்றார். இல்லைங்க என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது, ஏனென்றால் அவர் நினைத்தது எனக்கும் மனதுக்குள் இருந்தது, என் குரலில் அது தெரிந்திருக்கும். பதினைந்தாம் தேதியும் வரவில்லை. அன்று முழுக்க அவர் தண்ணீர் மட்டும்தான் குடித்தார். நான் அடுப்படியில் நின்று, அம்மா தாயே, நான் போட்ட சட்டமெல்லாம் போதவில்லை என்று சொல்லி அழுதேன், பத்தி இல்லாமலேயே அழுதேன்.

இனிமேல் சிரிக்கிற கதை. புதன்கிழமை காலை, எதையாவது தின்னட்டும் என்று, அவருக்குப் பிடித்த கெம்போங் மீனை மசாலா தடவிப் பொரித்தேன். இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு நம் வீட்டில் எண்ணெய் காய்கிறது. இரண்டாவது மீனைத் திருப்பிக்கூடப் போடவில்லை, கேட்டடியில் ஒரே கூச்சல். மீனாச்சி அக்கா, கெபாயாச் சட்டைக்கு ஊசி பாதி குத்தியும் குத்தாமலும் ஓடி வந்து நிற்கிறாள். அவள் மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன், அந்த வேகம் எழுத்தில் வராது. அடோய் பூங்கா, டத்தோ வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் மீன் பொரிக்கிறாயே, உனக்குப் பைத்தியமா, முகத்தில் முத்து எல்லாம் இறங்கிவிட்டதா, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா என்று கேட்கிறாள். எந்த டத்தோ, எந்த முத்து என்றேன். அவள் நிலையில் தொங்கின வேப்பிலையைக் காட்டினாள். அது புளூவுக்குக் கட்டினது அக்கா, காற்றுக்கு என்றேன்.

உனக்குத் தெரியுமே, மீனாச்சி அக்கா வீடு மாதிரி மலாக்காச் செட்டி வீடுகளில் பேச்சு மலாயாக இருந்தாலும் அம்மன் விஷயத்தில் கட்டுப்பாடு நம்மைவிடக் கூட, அம்மை போட்ட வீட்டுக்கு டத்தோ சாச்சார் சாமி வந்துவிட்டார் என்று சொல்லி அந்தப் பக்கம் பேசக்கூட மாட்டார்கள், நோய் என்று விசாரிக்கவும் மாட்டார்கள். அதுவும் கோயில் திருவிழா முடிந்த சூட்டோடு நான் வேப்பிலை கட்டியிருக்கிறேன். இருபத்திரண்டு நாளாக நம் தெருவே நம் வீட்டில் அம்மை என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றிருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டது அம்மனுக்கு. இளநீர் வைத்தது மீனாச்சி அக்கா. நான் பத்தி கொளுத்தித் திட்டியதும் மீனாச்சி அக்காவைத்தான். வெறும் காய்ச்சல்தான் என்று சொன்னதும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்து சிரித்தாள், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்தேன், கையில் கரண்டி. அதற்குள் வேலிக்கு மேலே அவள் வீட்டுக்காரர் சங்கரன் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டில் டத்தோ என்று அவர்கள் வீட்டிலும் அத்தனை நாள் மீன் கிடையாதாம், இறாலில் இடித்த பெலாச்சான் கிடையாதாம். இருபத்திரண்டு நாள் கங்கோங் கீரை தின்றேன், ஆடு மாதிரி ஆகிவிட்டேன், எல்லாம் உங்கள் தும்மலுக்கா என்றார். பொரித்த மீனில் பாதி அவருக்குப் போய்விட்டது, நின்ற இடத்திலேயே தின்றார்.

சிரித்து முடிக்கும்போதுதான் மீனாச்சி அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குள் உன் நீலக் கடிதம் மூன்றும். கணேசமூர்த்தி அம்மன் இருக்கிற வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அவளிடம் கொடுத்திருக்கிறார், அவள் முத்து இறங்குகிற வரை வெளியார் பொருள் உள்ளே போகக் கூடாது என்று பத்திரமாக மூடி வைத்திருக்கிறாள். ஒருவரும் தப்பு செய்யவில்லை, தப்பு முழுக்க நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் அப்பா மடியில் மூன்றையும் போட்டேன். அவர் மூன்றையும் என்னிடமே திருப்பி நீட்டினார், நான்தான் பிரித்துப் படித்தேன். உன் தோழிகள் ஈப்போ பெண்ணும் கிளந்தான் பெண்ணும் நீயும் சேர்ந்து பருப்பு வேகவைக்கப் போய் சட்டியைக் கருக்கிய கதையைப் படித்தபோது அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. இரண்டாவது கடிதத்துக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவதில் நீ கப்பல் ஏறப் போகிறேன் என்கிற வரியைப் படித்து நான் வாயை மூடவில்லை, யாரைக் கேட்டுக்கிட்டு வர்றா அவ, படிப்பை விட்டுட்டு வர்றாளாமா, என் சட்டை எங்கடி என்று ஒரு சத்தம். சத்தியமாகத் தார் ரோட்டுச் சத்தம். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது, எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். கோகிலா கை தட்டினாள். உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மழிக்காத முகத்தோடு பெச்சா வண்டி ஏறித் தந்தி ஆபீசுக்குப் போனார். அண்ணன் எல்லாரும் நலம் வராதே என்று எழுதினானாம், அதை உங்கம்மா எழுதியே அவ நம்பலை, நடந்ததை எழுதுடா என்று அடிக்க வைத்திருக்கிறார். அங்கே இருந்த குமாஸ்தா நம் ஆள்தான், ஐயா, இதைப் படிச்சா அந்தப் பொண்ணு நீங்க போயிட்டீங்கன்னுல்ல நெனைக்கும் என்றாராம். செத்தவன் எங்கய்யா எழுந்து நிக்கிறான், அடி என்றாராம் உன் அப்பா. திரும்பி வந்து இரண்டு தட்டு சோறு. அன்று சாயங்காலம் அவராகவே கேட்டு ஒரு ஊதுபத்தி வாங்கிக்கொண்டு, மீனில் உப்பு பத்தவில்லை, மீனாச்சி வைத்த இளநீரில் பாதி முற்றல், நாற்காலிப் பிரம்பு முதுகைக் குத்துகிறது என்று அது அணைந்த பிறகும் புலம்பினார், நாங்கள் யாரும் சட்டம் பேசவில்லை.

அங்கேயும் இந்தக் காய்ச்சல் வரத்தான் வரும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வந்தால் படுத்துக்கொள், வெந்நீர் குடி, பரீட்சை என்று எழுந்து ஓடாதே. படுத்திருக்கும்போது பேப்பரில் எண்ணிக்கை பார்க்காதே, அது மருந்து இல்லை. அந்த இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு புலம்பு, ஊதுபத்தி கிடைக்காவிட்டால் மெழுகுவத்தியில் ஒரு கோடு கிழித்து அதுவரைக்கும். முடித்துவிட்டு எதையாவது கருக விட்டுச் சாப்பிடுங்கள். உன் வீட்டு வாசலில் மட்டும் எதையும் கட்டாதே.

இப்போது கடினமானது. நீ வருகிறேன் என்று எழுதிய வரியை, அப்பா தந்திக்குப் போன பிறகு, நான் எடுத்து நாலு தடவை படித்தேன். வந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். இதையும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் பொய் எழுதியதால்தான் நீ கப்பல் ஏறக் கிளம்பினாய், உண்மை எழுதியிருந்தால் நீ அங்கே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுப் படித்திருப்பாய். அதனால் இன்றிலிருந்து நான் இப்படித்தான் எழுதப் போகிறேன். அப்பா இன்னமும் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். பகலில் இரண்டு மணி நேரம் தூங்குகிறார், முன்பு தூங்க மாட்டார். கோகிலாவுக்குக் காலையிலிருந்து லேசாகச் சளி. எனக்கு இடது முழங்கால் படி இறங்கும்போது வலிக்கிறது. இதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஒன்று வந்தால் அதையும் எழுதுவேன். அதே மாதிரி நீயும் அழுதால் அழுதேன் என்று எழுது, தோழியோடு சண்டை என்றால் சண்டை என்று எழுது, நாங்கள் தாங்குவோம்.

சுதந்திரம் வருகிற ஆகஸ்டு முப்பத்தொன்றுக்குப் பெரிய திடலுக்கு நடந்தே போவேன் என்று அப்பா இப்போதே தினமும் கேட்டிலிருந்து கோயில் வரை நடந்து பழகுகிறார், அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று பத்துப் பக்கம் எழுதுகிறேன். நீ நோய் நொடி இல்லாமல், நினைத்த படிப்பை முடித்து, நாலு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிற கையோடு வந்து சேர எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் என்றும் உண்டு. அண்ணனும் அண்ணியும் அன்பைச் சொல்கிறார்கள். கோகிலா முத்தம் என்று எழுதச் சொன்னாள். கம்பளிச் சட்டையை ஈரத்தோடு போடாதே. ஜூலை முதல் தேதி பெரிய டீச்சர் அறைப் பக்கம் போகாதே, அந்த நேரத்துக்கு உட்கார்ந்து எனக்கு உண்மையாக ஒரு கடிதம் எழுது.

இப்படிக்கு,
உன் வரவை ஒரு வருடம் கழித்து எதிர்பார்க்கும் அம்மா,
பூங்காவனம்